நான் தேய்த்துக் கழுவிய காவல் முகம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். எழுத்து அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்ல மகளின் மகள் எழுதுகிறாள். என் வீட்டுச் சட்டி பானையில் முகம் பார்க்கலாம் என்று நாங்கள் குடியேறிய தோர்ண்டன் ஹீத்தில் பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெருமைதான் போன மாசி மாதம் என்னைத் தலைகுனிய வைத்தது.

எங்கள் கீழ்வீட்டில் ஐவரி கோஸ்ட் நாட்டுப் பெண் ஒருத்தி தனியே இருக்கிறாள். டான் என்ற இனத்தவள். முழங்கால் ஆப்பரேஷனுக்குப் போகும்போது, பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லித் வீட்டுத் திறப்பைத் தந்தாள். ஊற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். தூசு தட்டினேன், குசினி அடுப்பைத் துடைத்தேன். கட்டிலருகே ஒரு துணிப்பொதி இருந்தது. அவிழ்த்தால், உள்ளங்கை அளவில் ஒரு மரமுகம். கண் இரண்டும் வெறும் கீறல். மேலெல்லாம் கறுத்த பிசுக்கு; காய்ந்த சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தது. பாவம், துடைக்க நேரமில்லை போலும் என்று நினைத்து, சவுக்காரம் போட்டு, கம்பிச் சுருளால் மரம் வெளுக்கும்வரை தேய்த்தேன். ஜன்னலில் காய வைத்தேன்.

அவள் வீடு திரும்பிய அன்று, பாராட்டை எதிர்பார்த்துப் பேத்தியோடு இறங்கிப் போனேன். ஜன்னலைப் பார்த்தவள் ஒரு சத்தம் போட்டாள். அப்படியொரு சத்தம் செத்த வீட்டில்தான் கேட்டிருக்கிறேன். ஊன்றுகோல் விழுந்தது. இங்கிலீசில் ஏதோ சொல்லி அழுதாள்.

“அம்மம்மா, அது அலங்காரச் சாமான் இல்லையாம். அதுக்குள்ள காவல் ஆவி இருக்காம். அவவின்ர அம்மா எண்ணெய் பூசி, சோறு குடுத்து வைச்சிருந்தவவாம். ஊர்ச் சண்டைக்குள்ளால இவ அதை மட்டும்தான் கொண்டு ஓடி வந்தவவாம்.”

“ஐயோ! இப்ப?”

“இப்ப உள்ளுக்கு இருக்கோ, வெளியில போட்டுதோ தெரியாதாம்.”

என் சாமித்தட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த வைரவர் சூலம் இருக்கிறது. எண்ணெய் குடித்துக் கறுத்தது. மருமகள் ஒருநாள் பிரஷோடு அதன் கிட்டப் போனதற்கு மூன்று நாள் அவளோடு கதைக்காமல் இருந்தவள் நான்.

மூச்சு வாங்க மேலே ஏறி, நல்லெண்ணெய்ப் போத்தலும் சுடுசோறும் கொண்டு வந்தேன்.

“அவவிட்டைக் கேள் பிள்ளை, என்ர எண்ணெய் பூசலாமோ?”

அவள் போத்தலை வாங்கினாள். மரமுகத்தை மட்டும் என் கையில் தரவில்லை.

“ஆவிக்குக் கோவமெண்டால் அவவின்ர கனவில வந்து சொல்லுமாம், அம்மம்மா.”

இன்னும் கனவு வரவில்லையாம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு கிண்ணம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வாங்குகிறாள். மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பிறர் வீட்டில் அழுக்கென்று எதைக் கண்டாலும், என் கை இப்போது தானாகப் பின்னுக்குப் போகிறது.

பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. நான் தேய்ச்சதைக் குறைச்சு எழுதிப்போடாதை.