மாலை 4.20 ஆட்டோசேவ்

"ஸார், நாலாம் நம்பர் சிஸ்டத்துல ஆட்டோசேவ் ஆன் பண்ணிக் குடுங்க."

சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். லீவு கேள், நாற்காலி கேள், இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று. நான் கேட்டேன். அதிலிருந்துதான் எல்லாம்.

இது நடந்தது. கர்நாடகத்து ஹூப்ளியில், கட்டட வரைபடம் போடுகிற ஓர் ஆபீஸில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில். ராத்திரியில்தான் பேய் வரும் என்று நம்புகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

"சிஸ்டம் மெதுவாயிடும் ரேணவ்வா," என்றார் அங்கடி ஸார். எங்கள் முதலாளி. "அப்பப்ப சேவ் அமுக்க உனக்கு விரல் இல்லயா?"

"விரல் இருக்கு ஸார். கரண்ட்தான் இல்ல."

பக்கத்து மேஜை மௌனேஷண்ணா சிரித்தார். ஸார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கரண்ட் போனதில் என் மூன்று மணி நேர வேலை காணாமல் போயிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு. ஞாயிறு ஐந்து மணிக்குள் அந்த வரைபட ஷீட் முடியாவிட்டால் திங்கள்கிழமை வர வேண்டாம் என்றார் ஸார். என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கியது நான் ஒருத்திதான். வேலை போனால் அடுத்த வாரமே என்னைப் பெண் பார்க்க ஆட்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

அதனால் சனிக்கிழமை, எல்லாரும் போன பிறகு, நானே அதை ஆன் செய்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.

ஞாயிறு. ஆபீஸில் நான் மட்டும். வெளியே நசநசவென்று மழை. ஆட்டோசேவ் இருக்கிற தைரியத்தில் ஒரு தடவைகூட சேவ் அமுக்கவில்லை. இந்தத் தப்பை யாரிடமும் சொன்னதில்லை.

3.41. கரண்ட் போனது. யூபிஎஸ் பீப்... பீப்... என்று நான்கு முறை கத்திவிட்டுச் செத்தது.

4.26க்கு வந்தது.

ஆட்டோசேவ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். ஒரு படத்துக்கு ஒரு கோப்புதான் இருக்கும், அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதும். அங்கே ஐந்து இருந்தன. 3.40. அது என்னுடையது. அடுத்து 3.50. 4.00. 4.10. 4.20.

அந்த நேரமெல்லாம் கரண்டே இல்லை.

முதல் நான்கும் திறக்கவில்லை. 4.20 திறந்தது.

என் படிக்கட்டுதான். நான் பாதியில் விட்டிருந்தேன். இதில் முழுசாக இருந்தது. ஒவ்வொரு படியும், ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு அளவும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

பிறகு பார்த்தேன். படிக்கட்டு திரும்புகிற இடத்தில், லேண்டிங்குக்கு அடியில், அதைத் தாங்குகிற ஒரு பீம். செலவு குறையட்டும் என்று கான்ட்ராக்டர் கேட்க, ஸார் எடுக்கச் சொன்ன பீம். நான் போடவே இல்லை.

அழித்தேன்.

டக்.

திரும்ப வந்தது.

அழித்தேன். டக். வந்தது. பதினொரு முறை. கடைசியில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கர்சர் நிற்கவில்லை... அதுபாட்டுக்கு நகர்ந்தது... கம்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டது... நிதானமாக.

டக்... டக்...

ஒரு படத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் வேலை நடந்தது என்று மென்பொருளே சொல்லும். அதைக் கேட்டேன். நான் புதன்கிழமை தொடங்கிய படம் அது.

1,137 நாள்.

மறுபடி கேட்டேன். விநாடிகள் ஏறியிருந்தன.

4.52. போன். ஸார்.

"பீம எடுத்தாச்சா?"

"எடுத்தா வருது ஸார்."



"எந்த சிஸ்டம்?"

"நாலு."

"எதயும் பிரிண்ட் எடுக்காத. வெளிய வந்து நில்லு."

5.10க்கு வந்தார். திரையைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயரைப் பிடுங்கினார். நான் வியாழக்கிழமை பிரிண்ட் எடுத்திருந்த, பீம் இல்லாத அரைகுறை ஷீட்டை, கூட வந்திருந்த கான்ட்ராக்டரின் ஆளிடம் கொடுத்தார். வேண்டாம் ஸார் என்றேன். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் மழையில் நின்றுகொண்டிருந்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திங்கள் காலை மௌனேஷண்ணாவைப் பிடித்தேன்.

"அந்த சீட்ல எனக்கு முன்னாடி யாரு?"

"ஏன் தங்கச்சி காலங்காத்தால..."

"சொல்லுண்ணா."

"சிவலீலா. ஒரு ஹாஸ்டல் படிக்கட்டு. ஸார் பீம எடுப்பாரு, அவ போடுவா. எடுப்பாரு, போடுவா. கடைசில கரண்ட் போயி அவ போட்டதெல்லாம் போச்சு. பீம் இல்லாத ஷீட்டு போயிடுச்சு. கான்கிரீட்டத் தாங்குற சென்ட்ரிங் பலகையப் பிரிக்கிற அன்னிக்கு, நிறுத்துங்கன்னு சொல்லத்தான் சைட்டுக்கு ஓடினா. படிக்கட்டு அவ மேலயே விழுந்துடுச்சு." குரலைத் தணித்தார். "போன மாசந்தான் மூணாம் வருஷத் திதி."

மனசுக்குள் நாட்களை எண்ணினேன், மூன்று வருஷமும் ஒரு மாசமும். எண்ணி முடிக்காமல் கேட்டேன்.

"அப்ப இது அவ கம்ப்யூட்டரா?"

"இல்லம்மா. அத அப்பவே தூக்கிப் போட்டாச்சு. ஆட்டோசேவ் போட்டா அடுத்ததுலயும் பீம் வந்துச்சு. இது மூணாவது. நீ சேர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி டப்பாவப் பிரிச்சோம்."

சுவர் கடிகாரம் 8.35. பள்ளிக்கூடத்தில் ஒன்பதரைக்கு கான்கிரீட் போடத் தொடங்குவார்கள்.

அழித்து அழித்து அந்தப் பீம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஒரு தாளில் பென்சிலால் போட்டேன். நீளம், அகலம், கம்பி. கை ஓர் இடத்திலும் தயங்கவில்லை. அடியில் என் பெயரை முழுசாக எழுதினேன்.

"எங்க போற?" ஸார் கதவை மறித்து நின்றார். "போனா வேலைக்கு வராத."

"தள்ளுங்க ஸார்."

"அவளும் இப்படித்தான் போனா, ரேணவ்வா."

தாளை மடித்துப் பையில் வைத்தேன். அவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன்.