வாவி கடந்து வீடு திரும்பிய அண்ணன்

அண்ணனின் ஆண்டுத்திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவரைப் பற்றி எழுதும்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தார். கிழக்கே எழுவான்கரையில் கலியாணம் செய்து, எங்கள் வழக்கப்படி பெண்சாதியின், அதாவது என் மச்சாளின், வீட்டில் குடியேறினார். உழவில் அவரை முந்த அந்த வயல் வட்டையில் ஆளில்லை. ஓர் அறுவடையின்போது கதிர்க்கட்டுகளை அடுக்கிய நெற்சூட்டின் உச்சியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. முதுகில் எரிவு மட்டும் போகவில்லை. சில மாதங்களில் அசைவற்ற கால்கள் தாமாகவே உதறத் தொடங்கின. திடீரென மடங்கும், பின் உலக்கைபோல் விறைக்கும்.

உழைக்க முடியாதவர் பெண்சாதி வீட்டில் கிடப்பது நம் குடிக்கு இழுக்கு என்று நான் தீர்மானித்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை. வாத்தியாராகிய நானே எண்ணினேன். மச்சாள் சந்தைக்குப் போயிருந்த நேரம் அண்ணனை மாட்டுவண்டியில் கிடத்தி, செங்கலடி சுற்றித் தரைவழியே படுவான்கரை அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். தோணியில் கால் உதறினால் கவிழ்ந்துவிடும் என்று பயம். வண்டி குழியில் விழுந்த போதெல்லாம் கால்கள் வயிற்றோடு மடங்கி இறுகின.

"வண்டியத் திருப்படா தம்பி" என்றார் அண்ணன்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணன்" என்று வண்டிக்காரரை மேலே ஓட்டச் சொன்னேன். அதுவே நான் செய்த பிழை.

மறுநாள் மச்சாள் தோணியில் வந்திறங்கினார்.

"ஆரக் கேட்டு இவரத் தூக்கிற்று வந்தயள் மச்சான்?"

"உங்களுக்குப் பாரமெண்டுதான்..."

"பாரம் எனக்குத்தானே? உங்கட முதுகிலயா இறக்கி வச்சன்?"

அண்ணன் சிரித்தார். "தோணியில ஏத்துங்கடா. செத்தாலும் அவள்ட வீட்டிலதான் சாவன்."

"தோணி கவுண்டா?" என்றேன்.

"கவுண்டா நீ நீந்து. படிச்ச ஆள்தானே."

நடுவாவியில் கால்கள் விறைத்தன. தோணி ஒருபுறம் சாய்ந்தது. மச்சாள் பதறவில்லை. முழங்கால்களின் கீழே கைகொடுத்து, இறுக்கம் தளரும்வரை பிடித்திருந்து, மெல்ல மடக்கினார். கரை சேர்ந்தோம்.

அதன்பின் அண்ணன் கூரை வளையில் கயிறு கட்டுவித்து, அதைப் பிடித்துத் தாமே எழுந்து உட்காரப் பழகினார். யுத்தகாலத்து அரிசி முடையிலும் அவர் உட்கார்ந்தபடி சொன்ன சொல்லுக்கு வயல் விளைந்தது. படுக்கைப் புண்ணும் காய்ச்சலும் கூடிய கடைசிக் கிழமையில், கால் பிடிக்கும் முறையை மச்சாள் எனக்கும் பழக்கித் தந்தார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கால்களைப் பிடித்திருந்தேன்.

மருந்து தந்த பரியாரியாருக்கும், தோணி வலித்தவருக்கும், தோள் கொடுத்த அயலவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உங்கட பிழைய எழுதினது போதும் மச்சான். அவர் எங்கட வீட்டிலதான் கண்ண மூடினார் எண்டு போடுங்க" என்றார்.

அண்ணன் மச்சாளின் வீட்டில்தான் கண்மூடினார்.