என் வீட்டுக்காரரின் இடது கைக்காரன்

என் வீட்டுக்காரருக்கு ஒரு இடது கைக்காரன் இருந்தான். செல்போனுக்குள் இருந்தான். பேஸ்பாலில் பந்து எறிகிறவனை பிட்சர் என்பார்களாம், அவன்தான். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனியில் கொரியாக்கார மேனேஜர் ஒருவர் செல்போனில் ஆடும் அந்த பேஸ்பால் கேமைப் பழக்கிவிட்டார். அசெம்பிளி லைனில் பாதிப் பேர் ஆளுக்கொரு டீம் வைத்துக்கொண்டார்கள். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, யாரைக் கொடுத்து யாரை மாற்றிக்கொள்வது என்று இவர்கள் முடிவு செய்ய வேண்டும். ஆட்டத்தை செல்போனே ஆடிக்கொள்ளும். கிரிக்கெட்டாக இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அந்தக் கோடையில் இடது கைக்காரனுக்கு நேரம் சரியில்லை. போட்ட பந்தையெல்லாம் எதிராளிகள் வெளுத்து வாங்கினார்கள். நான் ஷிப்டு முழுக்க நின்றபடியே வேலை பார்த்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, வீங்கிய காலோடு வாசலில் செருப்பைக் கழற்றுவேன். உள்ளேயிருந்து குரல் வரும்.

"பாவம், தோள்பட்ட வலி போல கீது."

என் தோள்பட்டை இல்லை. அவன் படத்துக்குக் கீழே ஒரு கோடு உண்டு. களைப்பு ஏற ஏற அது பச்சையிலிருந்து சிவப்பாகும். அதையே பார்த்துக்கொண்டிருந்து, சிவப்பாவதற்குள் அவனுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார். எனக்கு வயிறு எரியும். ஒரு பொம்மை மேல் பொறாமையா என்று வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை. கல்யாணமான புதிதில் என் முகத்தை அப்படிப் பார்த்தவர்தானே.

அப்போதுதான் பக்கத்து ரூம் தென்காசிக்காரர் இடது கைக்காரனைத் தன் டீமுக்குக் கேட்டார். இவரோடு ஒரே லைனில் வேலை பார்க்கிறவர். பதிலுக்கு நன்றாக எறிகிற ஒருவனைத் தருகிறேன் என்றார். கொடுக்கலாமா வேண்டாமா என்று இவர் சோற்றைப் பிசைந்தபடியே நாள் கணக்கில் யோசித்தார். கடைசியில் என்னைக் கேட்டார். ஃபிரிட்ஜ் வாங்கும்போதுகூட என்னைக் கேட்காத மனுஷன். தள்ளிவிடுங்கள் என்று பட்டென்று சொன்னேன். மனசே இல்லாமல் மாற்றிக்கொண்டார். அன்று சாயந்திரம் ரசத்துக்கு அப்பளம் பொரித்தேன்.

என் சந்தோஷம் அந்த அப்பளத்தோடு சரி. வந்தவனுக்கும் ஒரு கோடு இருந்தது.

போனவனோ அங்கே பிரமாதமாக எறிய ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ரூமில் ஒரே கும்மாளம். தென்காசிக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து, "ஒங்க ஆளு தங்கம்லா அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் முகம் செத்துவிட்டது. நான் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட கீறப்போ அவனுக்கு இன்னா கொற வச்சேன்?" என்றார்.

அந்த முகத்தில் இருந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல்தான்.

"நம்ம ஆளு இன்னொருத்தருக்கு ஓடி ஓடி செய்றத பாத்துக்கினு உக்காந்தா எப்டி கீதுன்னு இப்ப தெரியுதா? எனக்கு இந்த வெயில் காலம் பூரா அப்டித்தான் இருந்திச்சி."

கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். பிறகு செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தைல பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பதமாகத்தான் தேய்த்துவிட்டார், குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து ரூமில் மறுபடி கைதட்டல் கேட்டபோது அவர் கை நின்றுவிட்டது.

அவன் வீட்டை விட்டுப் போன பிறகும் எனக்கு வயிறு எரிந்தது.