ஆள் இல்லாத படங்கள்

ஆட்களைப் படம் பிடிக்க எனக்கு வராது. சிரிக்கச் சொல்ல வேண்டும், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும், கடைசியில் "ஐயோ, நான் குண்டா தெரியுறேன்" என்று ஒரு புகாரும் கேட்க வேண்டும். மரமும் தண்ணீரும் வாயைத் திறக்காது. அதனால்தான் கைப்பைக்குள் அடங்கும் சின்ன மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கினேன். சனி, ஞாயிறு விடிவதற்குள் நகருக்குள் இருக்கும் என் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு வாரம் செமினிப் பக்கத்துக் குன்று. மறுவாரம் தெலுக் பங்லிமா காராங், தொழிற்சாலைகளைத் தாண்டிப் போனால் வரும் சேற்றுக் கரை. ஐம்பதைத் தாண்டிய, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

"அக்கா, தனியாவா வந்தீங்க?"

எங்கே கேமரா முக்காலியை விரித்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். லோரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கும் ஆள் கேட்பார், தூண்டில் போட வந்தவர் கேட்பார். "ஆள் கூட்டிட்டு வந்தா படத்த மறைக்கும்ண்ணே" என்பேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. திரும்பும் வழியில் ஏதாவது கடையில் ஒரு ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியில் கேமரா பையை வைப்பேன். அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மாலையில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து எடிட் செய்ய உட்காருவேன். நம் பக்கத்துக் கடல் மேற்கே இருப்பது, அதில் சூரியன் மறையத்தான் செய்யும். காலையில் வானம் மெல்ல வெளுக்கும், அவ்வளவுதான். அந்த வெளுப்பில் ஒளிந்திருக்கும் இளஞ்சிவப்பை இழுத்துக்கொண்டு வருவதில் ஒரு தனி ருசி. நிழலைக் கொஞ்சம் தூக்கு, வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கு, புகைமூட்டத்தைக் குறை. பிறகு அழிப்பு வேலை. மின்கம்பி, பிளாஸ்டிக் பை, தூரத்துப் புகைபோக்கி, ஓரத்தில் நிற்கும் ஆள். ஆளின்மேல் ஒரு தடவு தடவினால் போதும், அவர் நின்ற இடத்தைப் புல் மூடிவிடும். வீடு அந்நேரம் அவ்வளவு அமைதியாக இருக்கும். சன்னலுக்கு வெளியே ரயில் போகும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது.

முடித்த படத்தைக் கைப்பேசியில் குடும்பக் குழுவில் போடுவேன். அக்காள் பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் என்று இருபது பேர் இருக்கிறார்கள். ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள். பார்ப்பவள் அக்காள் ஒருத்திதான். கிள்ளானில் இருக்கிறாள், அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு அவளும் தனிதான், பிள்ளைகள் வெளிநாட்டில். என் படத்தை அவள் பார்க்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாள் காலை அதே படம் திரும்பி வரும். அதன்மேல் இரண்டு ரோஜாப்பூ, ஆவி பறக்கும் ஒரு காப்பிக் கோப்பை, மேலே மஞ்சள் எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’. நான் ஒன்றும் பதில் போட மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போவேன்.

ஒரு தடவை கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் எடுத்த படம். வானமும் தண்ணீரும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. அதற்கு முன் எனக்கு அப்படி ஒரு படம் அமைந்ததில்லை. மறுநாள் அந்த நடுவானத்தில் காப்பி ஆவி பறந்தது. எனக்கு வந்ததே கோபம். உடனே கூப்பிட்டேன்.

"ஏங்க்கா இப்படிப் பண்ற? எவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தது தெரியுமா? நாசமாக்கிட்டியே!"

"சரி. இனிமே உன் படத்தத் தொடல, போதுமா?"

சொன்னதைச் செய்தாள். அடுத்த நாளிலிருந்து ஸ்விட்சர்லாந்து வந்தது. பனிமலை, மரவீடு, காலை வணக்கம். தினமும் ஒரு பனிமலை. நான் சுத்தமான படங்களைக் குழுவில் போட்டேன், யாரும் தொடவில்லை. நான் கேட்டது அதுதானே? ஆனாலும் காலையில் அந்த மலையைப் பார்க்கும்போது பொறாமையில் வயிறு எரிந்தது. போகப் போகக் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. பார்க்க ஆள் இல்லாத படத்தை யாருக்காக எடுப்பது? அக்காள் திரும்பவும் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஆனால் வாய்விட்டுக் கேட்க வீம்பு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அரிசிச் சேமியா மீகூன் பிரட்டி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, நான் கடைசியாக எடுத்திருந்த படத்தைக் கைப்பேசியில் திறந்து அவள் முன்னால் நீட்டினேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஞாயித்துக்கெழமதானே எடுத்த? ஆளே இல்லையா அங்க?"

"ஒருத்தர் வல வீசிட்டு இருந்தாரு. அழிச்சிட்டேன்."

"ஏன், அவரு உன்ன என்ன செஞ்சாரு?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. விரலால் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அழகாத்தான்டி இருக்கு எல்லாம். ஆனா ஒண்ணுத்துலகூட ஒரு ஆள் இல்ல. காலையில எழுந்தா வீட்ல நான் ஒருத்திதான். போன தொறந்தா அங்கயும் யாரும் இல்ல. எனக்குப் பயமா இருக்கும் லா. அதான் வணக்கம்னு எழுதி வெச்சேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும்ல."

தட்டைக் கழுவப் போவதுபோல எழுந்து, குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இத்தனை காலமும் நான் வெளிச்சம் என்றும் அமைதி என்றும் அனுப்பியதையெல்லாம் அவள் என் வீட்டின் வெறுமையாகத்தான் பார்த்திருக்கிறாள். அது அவள் வீட்டின் வெறுமையும்தான். தனிமை என்ற சொல்லை நாங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொன்னதே இல்லை.

மறுநாள் திங்கள். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி ஒலித்தது. குழுவில் ஸ்விட்சர்லாந்து. பனிமலை, நீல ஏரி. அங்கேயும் ஒரு ஈ, காக்கை கிடையாது. வாயில் நுரையோடு, ஒரு கையால், முதல் தடவையாகப் பதில் தட்டினேன்: "வணக்கம் அக்கா."

அனுப்பிய மறு நிமிடம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் பதறியது.

"என்னடி ஆச்சு? உடம்பு சரியில்லையா?"