ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எங்கள் கட்டட வேலையிடத்தில் அவருக்கு மேலிடம் என்று பெயர். இருபது மாடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற மனிதரை வேறெப்படிக் கூப்பிடுவது? நான் கீழே வாக்கிடாக்கியோடு நின்று அவருக்கு வழி சொல்பவன். "மேலிடம், கொஞ்சம் வலது பக்கம்" என்பேன். இரண்டு டன் கம்பிக்கட்டு, தூங்குகிற குழந்தையைப் படுக்கப் போடுவதுபோல மெதுவாக இறங்கும். பதினோரு வருஷத்தில் அவர் ஒரு செங்கல்லைக்கூடத் தட்டிவிட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வந்தது. கூடவே அடிவயிற்றில் வலி, குளிர்காய்ச்சல். ப்ராஸ்டேட் சுரப்பியில் கிருமி என்றார் டாக்டர். காலை ஒன்று, மாலை ஒன்று, ஆறு வாரம், ஒருவேளைகூட விடக்கூடாது என்று சொல்லித்தான் மாத்திரை கொடுத்தார்.

மாத்திரை போட்டால் மேலிடத்துக்குத் தலை சுற்றியது. தினமும் காலையில் ஏணியடியில் பாதுகாப்பு அதிகாரி, "தலைசுத்தல், மயக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் ஏறக்கூடாது. என்ன வியாதி, எந்த இடத்தில் என்று அடுத்த கேள்வி வரும். அதைச் சொல்வதைவிட இவர் நாக்கையே பிடுங்கிக்கொள்வார். அதனால் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை மாலை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இரண்டு, திங்கள் முதல் கிரேன். திங்கள் காலையில் தலை லேசாகச் சுற்றினாலும் அதிகாரியிடம் இல்லை என்றுவிடுவார்.

"மருந்தை நிறுத்தலையேப்பா, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறேன்" என்றார் என்னிடம். அடேயப்பா, மூளைக்காரர் என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனத்துக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வலி குறைந்தது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடி ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. அப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை காய்ச்சல் ஏறிச் சிறுநீரே அடைத்துக்கொண்டது. அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

சிறுநீரைச் சோதித்த அறிக்கையில், வழக்கமான மாத்திரை ஒவ்வொன்றுக்கும் எதிரே "கேட்காது" என்று இருந்தது. எப்படிச் சாப்பிட்டார் என்று டாக்டர் துருவியதும் விஷயம் வெளியே வந்தது.

"நீங்க விட்டு விட்டு அடிச்சதுல நோஞ்சான் கிருமியெல்லாம் செத்துடுச்சு. முரடனுங்க தப்பிச்சுப் பெருகிட்டானுங்க. இனிமே தினமும் நரம்புல ஊசிதான், இருபத்தெட்டு நாள். இதுவும் கேக்காமப் போச்சுன்னா என் கையில பெருசா ஒண்ணுமில்ல" என்றார்.

பன்னிரண்டாவது ஊசி போட்ட அன்று காய்ச்சல் சுத்தமாக இல்லை. மேலிடம் கட்டிலில் உட்கார்ந்து நர்ஸைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் பாழாய்ப்போன செய்தியோடு போனேன். திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால், இப்போது இவருக்குப் பதிலாக ஏறுகிற புது ஆளையே கிரேனில் நிரந்தரமாகப் போட்டுவிடுவார்களாம்.

அவர் முகம் செத்துப்போனது. "காய்ச்சல்தான் விட்டுடுச்சே. மிச்ச ஊசிய ஞாயித்துக்கிழமையில வந்து போட்டுக்கிட்டா என்ன?" என்றார்.

கட்டிலருகே நின்ற அண்ணி கத்தவில்லை. கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"பதினோரு வருஷமா நீங்க மேல ஏறினதுலேருந்து இறங்குற வரைக்கும் எனக்கு உசுரு கையிலதான். கிரேனால சாகாத மனுஷன் இந்தக் கிருமியால சாகணுமா?"

மேலிடம் ஊசிக்குழாய் ஒட்டியிருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் போனைக் கேட்டு வாங்கி, பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார். என்ன வியாதி, எந்த இடத்தில், ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, திங்கட்கிழமை காலையில் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் புது ஆளையே ஏத்துங்க சார். எனக்கு இன்னும் பதினாறு ஊசி பாக்கி இருக்கு."