பின்சீட்டுக்கு ஐம்பத்தெட்டு கிலோ

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் 'தண்ணி கிளாஸ்' என்று பெயர். உடனே கண்டதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள், காபியைத் தாண்டி எதையும் தொடாத மனுஷன். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒரு லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும் கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அதன் தரையில் வைப்பார். கீழிருந்து மேல் மாடிக்கும் மேலிருந்து கீழுக்கும் இரண்டு தடவை போய் வருவார். ஒரு சொட்டு வெளியே வந்தாலும் போச்சு, எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் போடுவார்.

முன்பின் தெரியாதவர்களையெல்லாம் இப்படி அலுங்காமல் குலுங்காமல் ஏற்றி இறக்குகிறவர், கட்டிய மனைவியைப் பதினொரு வருஷப் பழைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்காரவைத்து உலுக்கி எடுத்தார். வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வரை பன்னிரண்டு வேகத்தடைகள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன், என் இடுப்பைக் கேட்டாலும் அதுவும் பன்னிரண்டு என்றுதான் சொல்லும்.

ஒருநாள் டாக்டர் என் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் பஸ்ஸில் போகச் சொன்னார். போனேன். இடுப்பு தேறியது. ஆனால் எனக்கு வீடே பிடிக்காமல் போய்விட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. இவர் வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருக்கிற ஆள். வண்டியில் ஏறி, முகம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டால் மட்டும் மடை திறந்த மாதிரி பேசுவார். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார், யார் உள்ளேயே தூங்கிவிட்டார், எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான். இருபத்திரண்டு வருஷமாக, முன்பிருந்த வண்டியானாலும் சரி இதுவானாலும் சரி, எங்கள் குடும்பம் நடந்ததே பின்சீட்டில்தான் என்பது பஸ்ஸில் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வண்டிக்குப் பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தப்போறேன். நீயும் வா."

கல்லூரியில் படிக்கும் மகளும் தொற்றிக்கொண்டாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரே கூட்டம். காதில் பென்சில் செருகியிருந்த கடைக்காரர் மூன்று விதமான ஷாக்குகளை எடுத்து வைத்தார். பக்கத்தில் சின்ன டப்பா தொங்கும் பளபளப்பான ஜோடியில் என் கண் நின்றது.

"அது பந்தாவுக்கு அக்கா, விடுங்க," என்றார் கடைக்காரர். "நீளம் பழசு மாதிரியே இருக்கணும். அப்புறம் ஸ்பிரிங்தான் முக்கியம். தடிச்ச ஸ்பிரிங் போட்டு லேசானவங்க உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும். மெல்லிசைப் போட்டு கனமானவங்க உக்காந்தா அடியில போய் டங்குன்னு தட்டும். சார், பின்னாடி உக்கார்றவங்க எத்தனை கிலோ?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மட்டுமா? நட்டு போல்ட்டு வாங்க வந்த ஆறு பேரும் பார்த்தார்கள்.

"அம்பத்தெட்டு," என்றேன்.

மகளுக்குப் பாவம், திடீரென்று இருமல் வந்துவிட்டது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், மெல்லிய ஸ்பிரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். நான் சொன்னதைப் பொய் என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாணத்தன்று அது சத்தியமான உண்மை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த உண்மை கொஞ்சம் வளர்ந்து எழுபத்தொன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வேலை நடந்தது. லிஃப்டைச் சோதிக்கும் இரும்பு எடைக்கற்களைக் கொண்டுவந்திருந்தார். இருபது கிலோவில் இரண்டு, பத்து ஒன்று, இரண்டு கிலோவில் நான்கு. சரியாக ஐம்பத்தெட்டு. அவற்றைப் பின்சீட்டில் கட்டிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். சக்கரத்தின் அச்சிலிருந்து சீட்டின் விளிம்பு வரை மகள் டேப் பிடித்து அளவு சொன்னாள். ஷாக்கின் அடியில் ஐந்து படி வைத்த வளையம் ஒன்று உண்டு, திருகினால் ஸ்பிரிங் இறுகும். கொக்கி ஸ்பானர் போட்டு இரண்டு பக்கமும் இரண்டாவது படியில் நிறுத்தினார். பிறகு அந்த இரும்புக் குவியலின் மேல் அரை டம்ளர் தண்ணீரைக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வேகத்தடை வரை போய் வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகமெல்லாம் பல்.

"ராணி மாதிரி போகலாம்," என்றார் என்னிடம். நான் டம்ளரைக் கழுவும் சாக்கில் உள்ளே ஓடினேன்.

திங்கட்கிழமை காலை, முதல் வேகத்தடை. டங்! இரண்டாவது. டங்! பன்னிரண்டும் அப்படியே. அவர் வண்டியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

"ஒரு படி ஏத்தி முறுக்கிடுங்கப்பா," என்றாள் மகள்.

"காரணம் தெரியாம முறுக்கக் கூடாது. லிஃப்ட்ல அப்படிப் பண்ணா உள்ள பத்து பேர் இருப்பாங்க. கணக்கு சரியா இருக்கு, வண்டி தப்பா இருக்கு. எங்கேன்னு கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்கக் கிளம்பினார். கடைக்காரரிடம் போய் ஜோடியை மாற்றி வாங்கினார். டயரில் காற்றைப் பார்த்தார். வேகத்தடையின் உயரத்தைக்கூட அளந்தார். மகள் என்னைத் தனியாக இழுத்துப்போய், "சொல்லித் தொலைம்மா, பாவமா இருக்கு," என்றாள். "உன் வேலையைப் பாரு," என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். வேறு என்ன செய்ய?

அந்த வாரம் என் கடைக்கு ஒருவர் வந்தார். கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகையைக் காட்டினால் தெரியாத எழுத்தையெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. "தெரியாததைத் தெரியுதுன்னு சொன்னா, நான் குடுக்கிற கண்ணாடி உங்களுக்கு இல்ல சார், வேற யாருக்கோ!" என்று கத்தினேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த ஆள் கண்ணாடி வாங்காமலே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் ஹாலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு வேற ஆளை அனுப்புங்க சார். இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு. என் கணக்கு மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு." போனை வைத்துவிட்டு வந்து, என் கையில் ஒரு பஸ் பாஸைக் கொடுத்தார். மூன்று மாதப் பாஸ்.

"உன் இடுப்புதான் முக்கியம். இனிமே நீ பஸ்லயே போயிடும்மா. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பார்த்துட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷன் ஒரு சொட்டுத் தண்ணீருக்காக லிஃப்டையே பிரிப்பவர். அவர் கையை அவரே நம்பாதபடி நான் செய்துவிட்டேன், எதற்காக? நட்டு போல்ட்டு வாங்க வந்த ஆறு பேருக்காக.

"எழுபத்தொன்னு," என்றேன்.

"என்ன எழுபத்தொன்னு?"

"நான்தான்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதிமூணு கிலோ..." என்று முணுமுணுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேலி செய்வார், இல்லை கத்துவார், இரண்டுக்கும் தயாராக நின்றேன். அவரோ குதித்தார். நிஜமாகவே குதித்தார்.

"அப்போ என் கணக்கு தப்பில்ல! பதிமூணு கிலோ கூடினா அடி தட்டத்தானே செய்யும்! தட்டலைன்னாத்தான் தப்பு!" உடனே போனை எடுத்தார். "சார், ஆஸ்பத்திரிக்கு நானே போறேன்." சமையலறையிலிருந்து மகளின் சிரிப்பு கேட்டது.

மறுநாள் காலை இரும்புக் கற்கள் வேண்டாம் என்று என்னையே பின்சீட்டில் உட்காரவைத்தார். மகள் டேப் பிடித்தாள். வளையம் இரண்டாவது படியிலிருந்து நாலாவதுக்குப் போனது, இடப்பக்கமும் வலப்பக்கமும். அப்படியே கடைக்குக் கிளம்பினோம். முதல் வேகத்தடையில் பல்லைக் கடித்துக்கொண்டேன். மெத்தென்று ஏறி, மெத்தென்று இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. நாலாவது தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். எட்டாவதுக்கு அப்புறம் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏங்க, எதையும் கண்ணாலயே அளக்கிற ஆளு நீங்க. பதிமூணு கிலோ. என்னைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியலையா?"

"நீ அம்பத்தெட்டுன்னு சொன்னே," என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."

பிறகு ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளையின் கதையை எடுத்தார். பன்னிரண்டாவது வேகத்தடை வந்தது, அதற்கப்பால் என் கடை வந்தது, போனது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திரும்பி வருவதென்றால் இன்னும் மூன்று வேகத்தடை ஏறி இறங்க வேண்டும் என்றும் தெரியும். மாப்பிள்ளை வெளியே வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.