இரண்டு தட்டு

இதைக் கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சத்தியம் செய்து நம்பவைக்க எனக்குத் தெம்பு இல்லை. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு நடந்தது மாலை நாலரை மணிக்கு. நல்ல வெளிச்சத்தில்.

என் கணவர் போதகர். ஆறு வருடம் ஒரு சின்னத் தீவில் இருந்தோம். ஒரு தேவாலயம், வாரத்துக்கு ஒரு படகு, அவ்வளவுதான். அவர் பிரசங்கம் செய்வார். நான் ஆர்கன் வாசிப்பேன். அரதப்பழசான ஆர்கன். மரத் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் நின்று, கைப்பிடியை ஏற்றி இறக்கிக் காற்று அடிக்க வேண்டும். அடித்தால்தான் சத்தம் வரும்.

அந்த வேலை என் மகளுக்கு. எட்டு வயது. ஊரே அவளை வாலு என்றுதான் கூப்பிடும். தடுப்புக்குப் பின்னால் நிற்பதால் நான் அவள் கண்ணில் பட மாட்டேன். பாட்டு முடிந்ததும் பலகையில் இரண்டு தட்டு தட்டுவேன். நான் தட்டும்வரை அவள் நிறுத்தக் கூடாது; வேறு யார் தட்டினாலும் நிறுத்த மாட்டாள். கடைசி சரணம் வந்துவிட்டால் போதும், வாலுவுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். வேகவேகமாக அடிப்பாள். அந்த வேகத்துக்கு என் விரலும் ஓட, பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடும்.

ஒருமுறை தட்ட மறந்து, வாசலில் டீச்சரம்மாவோடு கதையளந்துகொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தால், வேர்த்து வழிய இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, நிறுத்த வேண்டியதுதானே?"

"நீ தட்டவே இல்லையே! என் கை கழண்டு விழுந்தா நீயா ஒட்டவைப்ப?"

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கடல் கொந்தளித்ததால் படகு வரவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள். தேவாலயத்துக்குப் பின்னாலேயே அடக்கம் செய்தோம். ஜெபம் சொன்னது அவள் அப்பாதான். அதற்குப் பிறகு நான் ஆர்கனைத் தொடவே இல்லை.

எட்டு மாதத்தில் மாற்றல் வந்தது. பெற்ற பிள்ளையை மண்ணில் விட்டுவிட்டுப் பெட்டி கட்டுவது என்ன கொடுமை தெரியுமா? படகு ஐந்து மணிக்கு. அவள் கல்லறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. எழுந்து உள்ளே போய் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தேன். காற்று இல்லை, சத்தம் வராது என்று தெரியும். சும்மாதான் விரலை வைத்தேன்.

சத்தம் வந்தது.

மிச்சக் காற்றாக இருக்கும்... எட்டு மாதமாகவா?

கிரீச்... டொக். கிரீச்... டொக். தடுப்புக்குப் பின்னால் கைப்பிடி ஏறி இறங்கியது.

தேவாலயத்தில் மணியடிப்பவர் வந்திருப்பாரோ? ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் தூரத்தில், எங்கள் பெட்டிகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

என் விரல்கள் நிற்கவில்லை. முதல் சரணம். இரண்டாவது. கடைசி சரணம் வந்தது...

கிரீச்டொக். கிரீச்டொக். கிரீச்டொக்.

பாட்டு ஓட ஆரம்பித்தது.

"வாலு..."

தடுப்புக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்...

நான் பெற்ற பிள்ளை. ஓடிப்போய் அள்ளியிருக்க வேண்டாமா? அவளுக்கே பயந்தேன்.

படகு ஊதியது.

ஓடினேன்.

படகு ஏறிக் கரை வந்து சேர்ந்தோம். மூன்று வாரம் கழித்து, தீவுப் படகுத்துறை ஆபீஸிலிருந்து மணியடிப்பவர் போன் செய்தார்.

"அம்மா, ஆர்கன் கைப்பிடி தானா ஆடுதும்மா. ராத்திரி பகல்னு இல்ல. பின்னாடி போய்ப் பாத்தா யாருமே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"நீங்க படகு ஏறின அன்னிலேர்ந்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தட்டவில்லை.

"பலகைல ரெண்டு தட்டு தட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் மறுபடியும் கூப்பிட்டார்.

"தட்டினேம்மா. நிக்கல. ஆனா முன்ன மாதிரி வேகமில்லம்மா. கை ஓஞ்சு போன மாதிரி... ரொம்ப மெதுவா ஆடுது."

இங்கே மழை பிடித்துக்கொண்டது. படகு ஓட இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். தினமும் சுவரில் இரண்டு தட்டு தட்டிப் பார்க்கிறேன். இத்தனை கடல் தாண்டி என் பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்?